மகளின் உளவியல் விண்ணப்பம் – கடிதம்

வணக்கம் அண்ணா,

லண்டன் ஹாரோவில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 17 வயது, பள்ளிக் கடைசிப் படிப்பான ஏ லெவலில் உயிரியல், கணிதம், ஆங்கில இலக்கியம். படித்தால் உளவியல்தான், அதுவும் ஒக்ஸ்போர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்கள் 'டொக்டருக்குப் படிக்கக்கூடிய பிள்ளையை ஏன் இப்படி விடுகிறாய்' என்கிறார்கள். பள்ளியில் உளவியலை ஒரு பாடமாக எடுக்காதது குறையாகிவிடுமா? விண்ணப்பத்தோடு கொடுக்கத் தன்னைப் பற்றி அவள் எழுதிய பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை இணைத்திருக்கிறேன். என் அம்மா 2009இல், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகல் கடந்து வந்த கதையை அதில் எழுதியிருக்கிறாள், அது எடுபடுமா? நீங்கள் உளவியல் படித்தவர், எழுதுகிறவரும்கூட. கொஞ்சம் திருத்தித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

சி., ஹாரோ

அன்புள்ள சி.,

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ லெவலில் உளவியல் எடுக்காதது ஒரு குறையே இல்லை. நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலுமே அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, உயிரியலும் கணிதமும் இருப்பதுதான் அவளுக்குப் பலம். இந்தப் படிப்பில் புள்ளியியல் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே வந்து முதல் வருடமே முழி பிதுங்கியவர்களை என் வகுப்பிலேயே பார்த்தேன். ஒரே வருடத்தில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் ஒக்டோபர் 15க்குள். கேம்பிரிட்ஜில் படிப்பின் பெயரே உளவியலும் நடத்தை அறிவியலும், ஒக்ஸ்போர்ட்டில் பரிசோதனை உளவியல். இரண்டின் பாடத்திட்டத்தையும் அவள் உட்கார்ந்து படித்தாளா என்று கேளுங்கள். பெயரைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் அது எழுத்தில் தெரிந்துவிடும்.

இனி ஸ்டேட்மென்ட். 2026இல் சேருகிறவர்களில் இருந்து பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யுகாஸ் அமைப்பு அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது: ஏன் இந்தப் பாடம், பள்ளிப் படிப்பு உன்னை எப்படித் தயார்ப்படுத்தியது, வெளியே வேறென்ன செய்தாய், அது எதற்குப் பயன். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணி, 4,000 எழுத்துக்கள்தான். உங்கள் மகளோ 'சிறுவயதிலிருந்தே மனித மனம் என்னைக் கவர்ந்தது' என்று தொடங்குகிறாள். தேர்வு செய்கிறவர்களின் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பந்தி முழுக்கத் தான் எவ்வளவு இரக்கமானவள் என்று சொல்கிறாள். நல்ல பிள்ளை, சந்தேகமில்லை. ஆனால் வாசிக்கிற பேராசிரியருக்கு அது தேவையில்லை, ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தால் இந்தப் பிள்ளை அதை என்ன செய்யும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒக்ஸ்போர்ட் தானே வெளியிட்ட நேர்முகத் தேர்வு மாதிரிக் கேள்வி ஒன்று இருக்கிறது. தொலைபேசி எண்களை நினைவில் வைப்பதில் ஆங்கிலம் பேசுகிறவர்களைவிட, வேல்ஸின் மொழியான வெல்ஷ் பேசுகிறவர்கள் பின்தங்கியிருப்பதாக ஒரு பரிசோதனை காட்டுகிறது, ஏன்? புத்தி, படிப்பு, வறுமை என்று ஓடத் தோன்றும். விஷயம் அதைவிட எளிது. வெல்ஷில் எண்களின் பெயர்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது. நாம் ஒரு எண்ணை மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் பிடித்து வைத்திருக்கிறோம், சொல்ல நேரமானால் பிடிபடுவது குறைகிறது. 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நுண்ணறிவுச் சோதனைகளிலும் உண்டு, ஆகவே மொழியைக் கவனிக்காமல் புள்ளி போட்டால் ஒரு வெல்ஷ் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடலாம்.

இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் அம்மாவிடம் ஏழு இலக்கங்களைத் தமிழில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், மகளிடம் ஆங்கிலத்தில். அம்மா தோற்றால் காரணம் மொழியா, வயதா, அவர் பள்ளிக்கூடம் போன காலமா? இவற்றை எப்படிப் பிரித்தறிவது, யாரை யாரோடு ஒப்பிட வேண்டும் என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதும் ஐந்து வரி, அந்த இரக்கப் பந்தி முழுவதையும்விடப் பெறுமதியானது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தப் பகுதியை வாசிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அது துயரத்தைச் சொல்லிவிட்டு 'ஆகவே பிறருக்கு உதவ விரும்புகிறேன்' என்று முடிந்துவிடுகிறது, நடுவில் உளவியல் எங்கே? பெரும் அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவை (PTSD) ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல், வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு ஒரு முக்கிய காரணம். அது தனி ஆளுக்கான அளவுகோல். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நோயாளிகளைப் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இங்கே குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைந்திருக்கின்றன, அதைத் தனிமனித நோயாக மட்டும் பார்த்தால் போதாது என்று எழுதினார். அப்படியானால் அந்த அளவுகோலில் வந்த கேள்வித்தாளை, ஊரோடு இடம்பெயர்ந்த ஒரு அப்பம்மாவிடம் நீட்டினால் அது எதை அளக்கும்? மகள் தயா சோமசுந்தரத்தின் கட்டுரை ஒன்றையாவது வாசித்துவிட்டு இதைக் கேட்கட்டும். அப்பம்மாவிடம் அனுமதியும் கேட்கட்டும், அதை யாரும் செய்வதில்லை.

அவள் எழுதியிருக்கும் அரங்கேற்றத்துக்கு ஒரு வரி போதும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாளே, அதை விரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியோடு தமிழில் கதைக்கிற பிள்ளை வகுப்பில் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறது என்று அவள் எப்போதாவது யோசித்திருப்பாள். அப்புறம், அவள் மேற்கோள் காட்டும் பிரபல உளவியல் புத்தகங்களில் எச்சரிக்கை தேவை. 2015இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், 40க்கும் குறைவானவற்றிலேயே பழைய முடிவு மீண்டும் கிடைத்தது. விமான நிலையத்தில் விற்கிற புத்தகங்கள் இதைச் சொல்லாது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில்: மருந்து எழுதும் மனநல மருத்துவராக வேண்டுமென்றால் மருத்துவம்தான் படிக்க வேண்டும். சிகிச்சை உளவியலாளராக, பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம், கொஞ்சக் கால வேலை அனுபவம், பிறகு மூன்று வருட முனைவர் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைப்பதும் கடினம் என்பதை இப்போதே அவளுக்குத் தெரியப்படுத்துங்கள்.

திருத்தித் தரமாட்டேன், குறை நினைக்காதீர்கள். யுகாஸ் ஸ்டேட்மென்ட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதித் தன்னுடையதாகக் கொடுப்பதும் மோசடியாகக் கருதப்படலாம் என்று சொல்லியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, 17 வயதுப் பிள்ளையின் எழுத்தில் என் வயது தெரிந்தால் நேர்முகத்தில் அவள்தான் மாட்டிக்கொள்வாள். அடுத்த வரைவை அவளையே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேள்விகள் மட்டும் கேட்டு எழுதுகிறேன், உங்களுக்குப் பிரதி வராது.