டிராப் டவரில் விழும்போது எடை எங்கே போகிறது?

"டிராப் டவரில் (கேளிக்கைப் பூங்காவில் நம்மை இருக்கையோடு உயரத்துக்கு ஏற்றிச் சட்டென்று கீழே விடும் கோபுரம்) உச்சியிலிருந்து இருக்கையோடு விழும்போது நம் எடை உண்மையிலேயே பூஜ்யமாகிறதா? அப்போது புவியீர்ப்பு என்ன ஆகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈர்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை; உங்களைக் கீழே இழுப்பதே அதுதான். காணாமல் போவது இருக்கை தரும் தாங்கல். பூமியின் இழுப்பை நாம் நேரடியாக உணர்வதே இல்லை. இருக்கையோ தரையோ நம்மை மேல்நோக்கித் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலைத்தான் 'கனம்' என்று உணர்கிறோம். இதுவே தோற்ற எடை. இருக்கையும் நம்மோடு அதே வேகத்தில் விழுந்தால் அது எதைத் தாங்கும்?

பள்ளியில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் புரிந்தது நாற்பது வயதுக்கு மேல் டிராப் டவரில் ஏறிய அன்றுதான். உச்சியில் காத்திருந்தபோது, தொங்கிய கால்களைக் கனமான ஷூக்கள் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. கொக்கி விடுபட்டதும் அந்த இழுப்பு சட்டென்று நின்றுவிட்டது. ஷூ காலில்தான் இருந்தது, அதன் கனம் மட்டும் இல்லை. குடல் தொண்டைக்கு வந்ததுபோல் இருப்பதும் இதனால்தான்: எப்போதும் தன் கனத்தால் கீழே தொங்கும் வயிறும் குடலும் அந்த நொடியில் தொங்குவதில்லை. (காற்றுத் தடையும் தண்டவாள உராய்வும் இருப்பதால் துல்லியமான பூஜ்யம் கிடைக்காது.)

ஏறப் பயமென்றால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே உயரத்திலிருந்து விடுங்கள். கையில் இருக்கும்வரை பீய்ச்சும் நீர், விழும்போது நின்றுவிடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதே கதைதான்: நிலையமும் அவர்களோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் உண்டு.

எல்லோரும் விழுவதற்கே அலறுகிறார்கள். என்னைக் கேட்டால் பிரேக்தான் கவனிக்க வேண்டியது. 30 மீட்டர் தடையின்றி விழுந்து, அடுத்த 10 மீட்டருக்குள் சீராக நிற்பதாக வைத்துக்கொள்வோம். விழ ஆகும் நேரம் சுமார் இரண்டரை நொடி. நிற்க ஒரு நொடிகூட ஆகாது. அந்த நேரம் முழுக்கத் தோற்ற எடை நான்கு மடங்கு. 60 கிலோ மனிதர் 240 கிலோவாகக் கனப்பார். 5 கிலோ தலையை 20 கிலோவாகக் கழுத்து தாங்க வேண்டும். தலையை முதுகுப்பலகையில் சாய்த்து வையுங்கள் என்று ஊழியர் சொல்வது இதற்காகத்தான். நான் அன்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலி போக இரண்டு நாள் ஆயிற்று.