தார் ஆறுவதற்குள் பார்க்க வேண்டியவை: வாசகர் கேள்வி – பதில்

(அரசு ஒப்பந்த வேலைகளை எப்படிக் கண்காணிப்பது என்று கேட்டு சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்)

எங்கள் ஊர்ச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். நேர்ப்பகுதி நன்றாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. மறுபடி போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

வளைவில் வண்டி பிரேக் பிடித்துத் திரும்பும்போது சக்கரம் மேல் அடுக்கைப் பக்கவாட்டில் இழுக்கும். அடியில் பிடிப்பு இல்லாவிட்டால் அடுக்கு தோசை மாதிரி உரிந்து வரும். பெயர்ந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் மண் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் டேக் கோட் அடிக்கவில்லை, அல்லது தூசி மேலேயே அடித்திருக்கிறார்கள். துண்டைக் கையால் நொறுக்கினால் உதிர்ந்து போகிறதா? அப்படியானால் கலவை ஆறிப்போய் வந்திருக்கும், அல்லது தார் குறைவு.

டேக் கோட் என்பது பழைய தளத்துக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே, இரண்டும் ஒட்டுவதற்காகத் தெளிக்கும் எமல்ஷன் (நீரில் கலந்த தார்). பழைய தார் தளத்தின் மேல் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வேண்டும். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்ததும் கறுப்பாகிவிடும். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டினால் நீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எஸ்டேட் ஓரச் சாலை என்றால் சில்வர் ஓக் சருகைக் கூட்டித் தள்ளாமல் தெளிப்பதும் அடிக்கடி நடக்கிற தப்பு.

அடுத்தது சூடு. வி.ஜி.-30 என்ற வகைத் தார் என்றால் கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். கலவை கீழே தயாராகி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வர வேண்டியிருந்தால் தார்ப்பாய் மூடாத லாரியில் மேற்பரப்பு ஆறிக் கட்டி தட்டிவிடும். லாரி எண், வந்த நேரம், வெப்பநிலை மூன்றையும் பொறியாளர் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். மழை, மூடுபனி, ஈரத் தளம் ஆகியவற்றில் வேலையை நிறுத்த வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. ஏற்காட்டில் பனி இறங்கிய பிறகும் ரோலர் ஓடினால் தடுத்துக் கேட்க அது ஒன்றே போதும்.

கனத்தை லாரிக் கணக்கிலேயே பிடித்துவிடலாம். 500 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்றால் 56.25 கன மீட்டர். அமுக்கிய கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.35 டன். மொத்தம் சுமார் 132 டன். 16 டன் ஏற்றும் டிப்பர் என்றால் எட்டு லோடுக்கு மேல் வர வேண்டும். வளைவில் அகலம் கூடுவதால் இன்னும் அதிகம். ஆறு லோடில் வேலை முடிந்தால் எடைச் சீட்டைக் கேளுங்கள். விரித்தவுடன் குச்சியால் குத்தி அளப்பவர்கள் ஏமாற வேண்டாம்: ரோலர் ஓடுமுன் கால் பங்கு போல அதிகம் தெரியும்.

வேலை நடக்கும் இடத்தில் எஸ்டிமேட் கேட்டால், “அதெல்லாம் ஆபீஸ் விஷயம்” என்கிறார்கள். பொதுமக்களுக்கு உரிமை உண்டா?
– வாசகர், குப்பனூர்

உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ)-யில் ஆவணத்தைப் பார்ப்பதோடு, வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுப்பதும் சேர்ந்திருக்கின்றன. பலர் இந்தக் கடைசி இரண்டையும் கேட்பதே இல்லை.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். “ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஒப்பந்தமும் அதன் அளவுப் பட்டியலும், முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கைகள், இதுவரை பாஸான பில்கள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். அதற்குள் வேலையே முடிந்துவிடலாம் என்பதால் நேரடி ஆய்வையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். கூடவே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் கிடைத்தால் அதில் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று வரிசையாக இருக்கும். முதலில் தேதியைப் பாருங்கள்: கான்கிரீட் கொட்டிய நாளுக்கு முன்பே அளந்ததாக இருக்கிறதா? மேடு பள்ளமான மண் தோண்டலுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழம் எழுதியிருந்தால் அது அளந்த கணக்கு இல்லை, உட்கார்ந்து போட்ட கணக்கு. அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இருக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் மதிப்பீட்டை விட 25 சதவீதம் குறைத்து டெண்டர் எடுத்திருக்கிறார். தரம் எங்கே இருக்கும்?
– வாசகர், சூரமங்கலம்

குறைத்துக் கேட்பது குற்றமில்லை. விட்ட காசை அவர் எங்கே பிடிப்பார் என்று யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சில் பிடிக்க மாட்டார்; அடி மணல், பெட் கான்கிரீட், கம்பியின் இடைவெளி என்று மூடிப்போகும் இடத்தில்தான். மூடும் நாளில் அங்கே நில்லுங்கள், தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். அவ்வளவுதான்.

கழிவுநீர்க் கால்வாய்ச் சுவருக்குக் கான்கிரீட் போட்டு மறுநாளே பலகையைப் பிரித்து, அன்றே மண்ணையும் தள்ளிவிட்டார்கள். சரியா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பலகையை மறுநாள் பிரித்ததில் தப்பில்லை. செங்குத்தான சுவருக்கு 16 முதல் 24 மணி நேரம் போதும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. மண் தள்ளியதுதான் தப்பு. சுவர் இன்னும் பச்சை, ஜே.சி.பி. பக்கெட் அமுக்கினால் அடிமுட்டில் கீறல் விடும். வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் காட்டவும் வழியில்லை. சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் வருகிற பி.பி.சி. என்கிற கலப்பு சிமென்டுக்கு 10 நாள் ஈரம் வேண்டும். சேலம் சித்திரை வெயிலில் காலையும் மாலையும் குடம் ஊற்றுவது கியூரிங் ஆகாது. சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிரித்த அன்றே அவசர அவசரமாகப் பூச்சு பூசினால் உள்ளே தேன்கூடு போல ஓட்டை இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கியூப், அதாவது வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி, விஷயமும் உண்டு. 30 மீட்டர் நீளம், இரு பக்கச் சுவர், 15 சென்டிமீட்டர் கனம், 90 சென்டிமீட்டர் உயரம் என்றால் 8.1 கன மீட்டர். 6 முதல் 15 கன மீட்டருக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப், ஆக ஆறு. கொட்டுகிற கலவையிலிருந்தே எடுத்து, ஈரத்திலேயே ஆணியால் தேதியும் இடமும் கீறியிருக்க வேண்டும். பெயரில்லாத கியூப் எந்தக் கட்டடத்துக் கியூப் என்று யார் சொல்வது?

மலைச்சாலைத் தடுப்புச் சுவரில் குழாய் வைத்திருக்கிறார்கள். மழையில் ஒரு சொட்டும் வரவில்லை.
– வாசகர், மஞ்சக்குட்டை

ஒரு நீளக் கம்பியை விட்டுப் பாருங்கள். சுவர்க் கனம் முழுக்கப் போக வேண்டும். நாலு விரற்கடையில் முட்டினால் அது காட்சிக்கு வைத்த குழாய், அல்லது சாந்து அடைத்த குழாய். முழுக்கப் போயும் நீர் வரவில்லை என்றால் பின்னால் ஜல்லி வடிகட்டி வைக்காமல் மண்ணையே நிரப்பியிருப்பார்கள். சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் வெறும் மண் இல்லை, அதில் தேங்கும் நீர். இறுதி பில்லுக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகு சரிசெய்ய வைப்பது பெரும்பாடு.

எங்கள் அலுவலகத்தில் எட்டுத் துப்புரவுப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். பில் பாஸ் செய்வது என் பொறுப்பு. ஒப்பந்ததாரர் மாதாமாதம் பி.எஃப். சலான் ஒன்று வைக்கிறார். போதுமா?
– அரசு ஊழியர், சேலம்

போதாது. சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். அவர் இன்னும் பத்து இடத்தில் ஆள் வைத்திருந்தால் அந்தத் தொகை யாருக்கானது என்று தெரியாது. ஒவ்வொருவர் பெயரும் யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணும் உள்ள, இ.சி.ஆர். என்கிற மாதப் பட்டியலைக் கேளுங்கள். அதை வருகைப் பதிவேட்டோடும் வங்கியில் சம்பளம் போட்ட பட்டியலோடும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். 26 நாள் வந்தவருக்கு 15 நாள் சம்பளத்துக்கு பி.எஃப். கட்டியிருப்பது வழக்கமான திருட்டு. பணியாளர் தன் செல்போனிலேயே பாஸ்புக் பார்க்கலாம். இருவரிடமாவது காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நியாயமாகப் பாருங்கள். ஜூன் மாத பி.எஃப். கட்ட ஜூலை 15 வரை அவகாசம் உண்டு. ஜூலை 1-ல் வரும் ஜூன் பில்லோடு மே மாத இ.சி.ஆர். இருந்தால் சரி. ஜூனுடையதுதான் வேண்டும் என்று பில்லை நிறுத்தினால் சம்பளம் தள்ளிப்போவது அந்த எட்டுப் பேருக்குத்தான்.

அபராதம் பிடிப்பதற்கு, “கழிப்பறை சரியில்லை” என்று மாதக் கடைசியில் எழுதுவது நிற்காது. “2-ம் மாடி, காலை 11.30, தண்ணீர் தேங்கியிருந்தது” என்று அன்றே எழுதி, அவருடைய மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள், கையெழுத்துப் போட மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். ஒப்பந்ததாரர் சம்பளம் தராமல் போனால் உங்கள் அலுவலகம்தான் கொடுத்துவிட்டு அவருடைய பில்லில் பிடிக்க வேண்டும். அதனால் ஒப்பந்தம் முடிந்ததும் டெபாசிட்டை விடுவிக்கும் முன், கடைசி மாதச் சம்பளமும் அந்த மாத இ.சி.ஆரும் கையில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.