‘பாட்டு’ ஏன் ‘பாடு’ ஆகிறது?

வாசகர் கேள்விகள்: இந்த முறை முழுக்க ரிவெர்ப்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரிவெர்ப் பற்றியவை, அதாவது அறையில் சுற்றி அடங்குவது போலக் குரலின் பின்னால் நீளும் ஒலி பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

கேள்வி: நானே எழுதிப் பாடிய பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். குரல் ட்ராக்கில் ரிவெர்ப் ப்ளக்-இன் (மென்பொருள் கருவி) போட்டு, அதில் பெரிய கூடத்துக்கென்று தயாராக இருக்கும் ‘லார்ஜ் ஹால்’ ப்ரீசெட்டை எடுத்தேன். டீகே (ரிவெர்ப் அடங்கும் நேரம்) 3.2 நொடி, மிக்ஸ் (ரிவெர்பின் பங்கு) 35 சதவீதம். குரலைத் தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கிறது. இசையோடு சேர்த்தால் வரிகள் புரியவில்லை என்கிறார்கள். டீகேயை 2 நொடிக்குக் குறைத்துப் பார்த்தேன், பெரிதாக மாறவில்லை. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த பாட்டை மூன்று தடவை கேட்டேன். நல்ல குரல். பல்லவியில் ‘பாட்டு’ என்ற சொல் வருகிறது. என் காதில் மூன்று தடவையும் அது ‘பாடு’ என்றுதான் விழுந்தது. தப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

‘பாட்டு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘பா’ முடிந்ததும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நிற்கிறது. அந்த நேரத்தில் வாயிலிருந்து சத்தமே இல்லை. கிட்டத்தட்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அப்புறம்தான் ‘டு’ வெடித்து வருகிறது. இப்போது ‘பாடு’ என்று சொல்லுங்கள். நாக்கு சும்மா தட்டிவிட்டு வந்துவிடுகிறது. தொண்டையின் அதிர்வு நிற்பதே இல்லை. கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொன்னால் தெரியும். இரண்டு சொல்லையும் பிரிப்பது அந்தச் சின்ன மௌனம்தான்.

உங்கள் ரிவெர்ப் அந்த மௌனத்தைத் தூர்த்துவிடுகிறது. ‘பா’வின் வால், அதாவது அதன் பின்னால் நீளும் ரிவெர்ப், இடைவெளிக்குள் வந்து நிற்கிறது. அதிலும் அதன் அடிப்பகுதி, அதாவது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது, தொண்டை அதிர்வு போலவே கேட்கிறது. காது ஏமாந்து ‘பாடு’ என்று எடுத்துக்கொள்கிறது. அக்கா, பத்து, அப்பா, காற்று என்று வல்லினம் இரட்டிக்கும் சொல் எதற்கும் இந்த ஆபத்து உண்டு. நம் பாட்டில் அப்படிப்பட்ட சொல் இல்லாத வரி எத்தனை இருக்கும்?

சரி, டீகேயைக் குறைத்தும் ஏன் மாறவில்லை? டீகே என்று எழுதியிருக்கும் எண், சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம். 3.2 நொடி என்றால், பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இறங்குவது 2 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. 2 நொடி என்றால் 3 டெசிபல். ஆக, அந்த இடைவெளிக்குள் நீங்கள் சம்பாதித்தது ஒரே ஒரு டெசிபல். 1 நொடிக்குக் குறைத்தாலும் 6 டெசிபல்தான் இறங்கும். சொல் தெளிய டீகேயைப் பிடித்து இழுப்பதில் பலன் கொஞ்சம்தான்.

நான் செய்வது இது. அந்த ஒரு சொல்லை மட்டும் லூப்பில் ஓடவிடுவேன், இசை முழுக்க ஓட. ரிவெர்புக்குப் போகும் வழியில் ஒரு ஈக்யூ (அடி, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து, அதில் அடி ஒலியை வெட்டும் லோ-கட்டை 100 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுவேன். 300, 400 என்று போகும்போது ஏதோ ஓர் இடத்தில் ‘டு’ சட்டென்று ‘ட்டு’ ஆகும். அந்தக் கணத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். 600 வரை போகத் தயங்க வேண்டாம். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் ரிவெர்புக்கு அனுப்பும் ஒலியை 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி அனுப்பும் பழக்கம் இருந்தது. இன்றும் பலர் அதையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து அளவு. ரிவெர்பை முழுக்க இறக்கிவிட்டு, மெல்ல ஏற்றி, ‘ரிவெர்ப் இருக்கிறது’ என்று தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து 2 டெசிபல் இறக்குங்கள். இப்போது ம்யூட் செய்தால் குரல் வெறுமையாகத் தெரிய வேண்டும். திரும்பப் போட்டால் ரிவெர்ப் கண்ணில் குத்தக் கூடாது.

அதற்குப் பிறகும் சொல் மங்கினால், ரிவெர்புக்குப் பின்னால் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தைத் தானாக இறக்கும் கருவி) வைத்து, எப்போது இறக்குவது என்று அதற்குச் சொல்லும் சைட்-செயினுக்குக் குரலைக் கொடுங்கள். பாடும்போது ரிவெர்ப் 3, 4 டெசிபல் பதுங்கும். வரி முடிந்ததும் எழும். கம்ப்ரஸர் பிடியை விட எடுக்கும் ரிலீஸ் நேரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 50 மில்லிநொடி வைத்தால், ‘ட்ட்’ வரும் இடைவெளியிலேயே கம்ப்ரஸர் பிடியை விட்டுவிடும், ரிவெர்ப் சரியாக அந்த மௌனத்துக்குள் தலைநீட்டும். 250, 300 மில்லிநொடி வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு டீகேக்கு வாருங்கள். அதை முடிவுசெய்யும் இடம் வரியின் கடைசி. பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும் சத்தம் கேட்கிறதல்லவா, வால் அதற்குள் அடங்கிவிட வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் மிக்ஸ் செய்த பாட்டைக் கேட்க அதை எழுதியவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். முடிந்ததும், “மூன்றாவது வரியில் நான் என்ன எழுதியிருக்கிறேன், சொல்லுங்கள்” என்றார். சரியாகச் சொன்னேன். “நீங்கள் நாற்பது தடவை கேட்டுவிட்டீர்கள், அதனால் தெரிகிறது. முதல் தடவை கேட்கிறவருக்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே ரிவெர்பை முதலிலிருந்து வைத்தேன். அன்றிலிருந்து, வரிகளைப் பார்த்திராத ஒருவரிடம் காகிதமும் பேனாவும் கொடுத்து, ஒரே தடவை கேட்டு எழுதச் சொல்லாமல் எந்த மிக்ஸையும் அனுப்புவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள். அவர் தப்பாக எழுதிய சொற்களை வட்டமிட்டால், லூப்பில் போட வேண்டிய இடங்கள் தானாகக் கிடைத்துவிடும்.

கேள்வி: ரிவெர்பைக் குரல் ட்ராக்கிலேயே போடலாமா, தனி பஸ் (ரிவெர்புக்கென்று தனி வழி) வைத்து சென்ட் (குரலின் ஒரு பிரதியை அனுப்பும் வசதி) மூலம் அனுப்ப வேண்டுமா?

பதில்: சென்ட். மேலே சொன்ன ஈக்யூ, கம்ப்ரஸர் வேலையெல்லாம் ரிவெர்ப் தனியாகக் கையில் இருந்தால்தான் நடக்கும். ட்ராக்கிலேயே போட்டால் லோ-கட் குரலின் அடியையும் சேர்த்து வெட்டிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பஸ்ஸில் இருக்கும் ப்ளக்-இன்னில் மிக்ஸ் 100 சதவீதம் ‘வெட்’ (wet), அதாவது நேர்க்குரல் கலக்காத முழு ரிவெர்பாக இருக்க வேண்டும். 50-இல் விட்டுவிட்டால் நேர்க்குரல் இரண்டு வழியாக வந்து சேரும். ரிவெர்பைக் கூட்டுகிறோம் என்று நினைத்துக் குரலையும் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். ப்ரீசெட் மாற்றும்போது மிக்ஸ் அளவும் கூடவே மாறிவிடும். பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். சென்ட், ஃபேடருக்குப் பின்னால் இருக்கட்டும்; குரலை ஏற்றி இறக்கும்போது ரிவெர்பும் கூடவே வரும்.

கேள்வி: ப்ரீ-டிலேக்கு (குரலுக்குப் பிறகு ரிவெர்ப் தொடங்கும்வரை விடும் தாமதத்துக்கு) ஏதோ கணக்கு இருக்கிறதாமே? என் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு.

பதில்: கணக்கு எளிது. 60,000-ஐ 80-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 750 மில்லிநொடி. அதைப் பாதி பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 375, 187.5, 93.75, 46.9. கடைசியில் வந்த 47-ஐ வைத்துக் கேளுங்கள். தாளத்தோடு உட்கார்ந்தால் நல்லது. 40-இல் நன்றாக இருந்தால் 40-ஐயே வையுங்கள், கணக்கு கோபித்துக்கொள்ளாது.

ஆனால் அந்த எண் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் கணக்கே தேவைப்படாது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர். பாடகர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார், சுவர்கள் தூரத்தில் இருக்கின்றன என்றால் குரல் முதலில் வந்துவிடும், சுவரில் பட்டது தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் ப்ரீ-டிலே. அதையே பூஜ்யமாக்கினால் குரலும் அறையும் ஒன்றாக வந்து சேரும்; பாடகர் கூடத்தின் கடைசிச் சுவரோரம் போய் நின்றுவிடுவார். பெரிய கூடம் வேண்டும், பாடகரும் பக்கத்தில் வேண்டும் என்றால் தொட வேண்டிய குமிழ் இதுதான். நிதானமான பாட்டில் முன்னணிக் குரலுக்கு 40 முதல் 80 வரை எனக்குப் பிடிக்கும். 100-ஐத் தாண்டினால் வால் தனியாகப் பிரிந்து எதிரொலி போலத் தெரியத் தொடங்கும். பின்குரல்களுக்கு 10 அல்லது அதற்கும் கீழே வைப்பேன். அவர்கள் பின்னால் நிற்கட்டும்.

ப்ரீ-டிலே காப்பாற்றுவது சொல்லின் தலையை. முதல் பதிலில் சொன்ன ‘ட்ட்’ இடைவெளியை அது காப்பாற்றாது. ‘பா’வின் ரிவெர்பை இன்னும் கொஞ்சம் தள்ளி அந்த மௌனத்துக்குள்ளேயே கொண்டுவந்து விடும். அங்கே லோ-கட்டும் அளவும்தான் மருந்து.

கேள்வி: சைஸ், டாம்பிங், டிஃப்யூஷன் என்று இத்தனை குமிழ்கள். ஹால், ரூம், ப்ளேட் என்று இத்தனை வகைகள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அதன் சத்தம் ஐந்து நொடிக்கும் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் காதாலேயே கேட்டு அளந்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். இடம் பெரிதானால் வால் நீளும், சத்தத்தை உறிஞ்சும் பொருள் கூடினால் வால் குறையும் என்ற சூத்திரம் அதிலிருந்து வந்தது. உங்கள் ப்ளக்-இன்னில் சைஸ் என்பது அந்தக் கூடம், டாம்பிங் என்பது அந்த மெத்தை. இந்தக் கதையை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிவெர்பை அளக்கும் கலையே சொல் புரியவில்லை என்ற புகாரிலிருந்து பிறந்தது.

டாம்பிங்கைத் தாராளமாகத் திருப்புங்கள். வாலின் மேல்பகுதி சீக்கிரம் அடங்கினால் ‘ஸ’, ‘ச’ சீறுவது குறையும். அப்படியும் சீறினால் ரிவெர்புக்கு முன்னால், சீறலைக் குறைக்கும் ஒரு டீ-எஸ்ஸர். டிஃப்யூஷன், பிரதிபலிப்புகளின் அடர்த்தி. தாளக் கருவிக்குக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கூழாங்கல் கொட்டுவது போலக் கேட்கும். குரலுக்குச் சற்றுக் குறைத்தால் சொல் தெளியும்.

வகையில், குரலுக்கு ப்ளேட்டிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த இஎம்டி 140-தான் அதன் மூலம். சுமார் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகட்டை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒலியால் அதிரவைத்து, அந்த அதிர்வைத் திரும்ப ஒலியாக எடுத்தார்கள். தகடு அறை இல்லை. முதலில் ஒரு சுவர், அப்புறம் இன்னொரு சுவர் என்று அது எதையும் சொல்லாது. எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாக எழும். அதனால் குரலைத் தள்ளிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தாமல், சுற்றி ஒரு ஒளி மட்டும் தருகிறது. ப்ளேட், 1.5 நொடி, ப்ரீ-டிலே 47, லோ-கட் 400. உங்களுக்கு இதுதான் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லா ட்ராக்குக்கும் ஒரே ரிவெர்ப் போதுமா?

பதில்: இரண்டு போதும். எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று காட்ட, அரை நொடி அளவில் ஒரு ரூம். குரலுக்கும் தனிவாசிப்புக்கும் நீளமான ப்ளேட். பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஹெட்போனில் சரியாக வைத்த ரிவெர்ப், ஃபோன் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது.

பதில்: இடது, வலது என்று விரிந்திருக்கும் வால், மோனோவில், அதாவது இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கும்போது, ஒன்றையொன்று கொஞ்சம் தின்றுவிடும். மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்தி ஒரு தடவை கேளுங்கள். குரல் வறண்டு போனால் ரிவெர்பின் அகலத்தை (width) சற்று ஒடுக்குங்கள். அளவைக் கூட்ட வேண்டாம். ஹெட்போனில் கேட்கிறவர்கள் மூழ்கிவிடுவார்கள்.

கேள்வி: வெறும் சுவர்கள் உள்ள அறையில் பதிவு செய்த குரல். அறைச் சத்தம் நன்றாகவே ஏறியிருக்கிறது. நல்ல ரிவெர்ப் போட்டு மறைக்க முடியுமா?

பதில்: முடியாது. சின்ன அறையின் டப்பா சத்தம் அந்தப் பெரிய கூடத்துக்குள்ளும் கூடவே வரும், நீளமாகவும் ஆகிவிடும். அறைச் சத்தத்தைக் குறைக்கும் ப்ளக்-இன்கள் உண்டு. பேச்சுக்குப் பரவாயில்லை, பாடும் குரலில் அவை கைவைத்த இடம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வைகள் இரண்டைத் தொங்கவிடுங்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தைத்தான். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று, பல்லவியை மட்டும் திரும்பப் பாடி, ரிவெர்ப் எதுவும் போடாமல் அனுப்புங்கள். பழையதோடு வைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.