நகையைப் பாலிஷுக்குக் கொடுக்கும் முன் எடை போட்டீர்களா?

பற்பசை போட்டுத் தங்கச் சங்கிலியைத் தேய்க்கலாமா? (தென்காசி)

கூடாது. பற்பசையில் உள்ள நுண்தூள் கீறிவிடும். வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரும் குழந்தைகள் பிரஷும் போதும்.

வைரத் தோடு மங்கிவிட்டது. கல் மோசமா? (திருச்சி)

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரத்தில் எண்ணெய் சட்டென ஒட்டும். தலைக்குத் தேய்ப்பதெல்லாம் கல்லின் பின்னால் அப்பிக்கொள்கிறது. கல்லின் பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் செட்டிங் என்றால் பின்பக்கமாகப் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங்குக்குத் தண்ணீரே காட்டாதீர்கள், பத்தரிடம் கொடுங்கள்.

என் நகை கறுக்கிறது. என்ன செய்வது? (ஊர் இல்லை)

எந்த நகை? தங்கமா, வெள்ளியா, கவரிங்கா? கல் உண்டா? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்ல? மறுபடி எழுதுங்கள்.

வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது. (காரைக்குடி)

காற்றில் உள்ள கந்தகத்தின் வேலை அது. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, அதைத் தொடும்படி கொலுசை வையுங்கள். லிட்டருக்கு இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்த சுடுதண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் தெளியும், வெள்ளி தேயாது. கல், எனாமல் வைத்ததற்கு இது வேண்டாம். கட்டி வைக்க ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு.

தெருவில் வந்தவரிடம் ஐந்து பவுன் சங்கிலியைப் பாலிஷ் போட்டேன். பளபளவென்று இருக்கிறது, ஆனால் மெலிந்த மாதிரி தெரிகிறது. (திண்டுக்கல்)

மாதிரி இல்லை அம்மா, மெலிந்தேதான் இருக்கும். இருபது வருடமாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பு அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு கலந்தால் ராஜ திராவகம். தனித்தனியாகத் தங்கத்தைத் தொடாத இரண்டும் சேர்ந்தால் அதைக் கரைத்துவிடும். உங்கள் கண்ணெதிரேதான் முக்குவார்கள், மஞ்சள் தூள் போட்டு நிறத்தை மறைப்பார்கள். கரைந்த தங்கம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிறகு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். என் பட்டறைக்கு வந்த ஒரு சங்கிலியில் வளையங்கள் நூல் மாதிரி ஆகியிருந்தன. பாட்டி போட்ட நகை என்று அந்தப் பெண் அழுதார். பற்றவைத்துக் கொடுக்கலாம், போன எடையைக் கொடுக்க முடியுமா? கடைப் பாலிஷிலும் சக்கரத்தில் தேய்க்கும்போது கொஞ்சம் போகும். அதனால் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் மில்லிகிராம் வரை எடை போட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வருடா வருடம் பாலிஷ் தேவையே இல்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும்.

மோதிரம் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. (கடலூர்)

தெர்மாமீட்டர் உடைந்ததா? சிவப்பழகு கிரீம் பூசுகிறீர்களா? சில தெர்மாமீட்டரிலும் சில கிரீமிலும் பாதரசம் உண்டு, அது தங்கத்தில் பட்டால் இப்படித்தான் ஆகும். வீட்டு அடுப்பில் காட்டாதீர்கள், அந்த ஆவி விஷம். பத்தரிடம் பாதரசம் என்று சொல்லியே கொடுங்கள்.

முத்து மாலைக்கும் பூந்திக்கொட்டையா? (நாகர்கோவில்)

வேண்டாம். சென்ட் அடித்து முடித்த பிறகு கடைசியாகப் போடுங்கள், வந்ததும் முதலில் கழற்றி ஈரத் துணியால் துடையுங்கள். நூல் தளர்ந்தால் உடனே மாற்றிக் கோத்துவிடுங்கள்.