ஏற்காடு சரிவில் பாத்தி ஓரக் கருங்கல் பாதைப் பக்கம் சாய்கிறது, சிமெண்ட் பூசியும் விரிகிறது: என்ன செய்யலாம்?

இன்னும் சிமெண்ட் பூசாதீர்கள். கல்லைப் பிடுங்கி ஜல்லிப் படுக்கையில் மறுபடி நடுங்கள், அதுதான் நிற்கும்.

பெரும்பாலும் காரணம் தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் போக வழியில்லாமல் கல்லுக்குப் பின்னால் தேங்குகிறது. ஊறிய மண் கல்லை வெளியே தள்ளுகிறது. இண்டு இடுக்கெல்லாம் பூச்சு அடைத்ததால் தள்ளல் இன்னும் கூடியிருக்கும்.

சோதித்துப் பாருங்கள்: கல்லை ஒட்டிப் பாத்திப் பக்கம் முக்கால் அடிக் குழி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தும் நின்றால் கோளாறு இதுதான்.

1. நூல் கட்டி, 9 இஞ்ச் உயரக் கல்லுக்கு 6 இஞ்ச் ஆழம் தோண்டுங்கள். 4 இஞ்ச் தடிமனுக்கு 8 இஞ்ச் அகலம்.

2. அடியில் 3 இஞ்ச் உயரத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி போட்டுத் திமிசுக்கட்டையால் நன்றாக இடியுங்கள். இதில் சோம்பினால் அடுத்த ஐப்பசி மழையிலேயே கல் இறங்கும். மூன்றில் ஒரு பங்கு கல் மண்ணுக்குள் இருக்கட்டும். தலை அரை இஞ்ச் பாத்திப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ரசமட்டம் காட்டும் நேர்குத்து இங்கே வேண்டாம்.

3. பின்பக்கம் மண் அல்ல, 3 இஞ்ச் அகலத்துக்கு ஜல்லி. இடுக்கில் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் தூள்) போதும்.

30 அடி நீளத்துக்குச் சுமார் 10 கன அடி ஜல்லி பிடிக்கும்.

பாத்தி மண் பாதையைவிட ஓரடிக்கு மேல் உயரமென்றால் இந்த முறை தாங்காது. அங்கே அகலமான அடிக்கல்லோடு தடுப்புச்சுவர்தான் கட்ட வேண்டும். பக்கத்தில் சவுக்கு, சில்வர் ஓக் இருந்தால் வேரை வெட்டாமல் கல் வரிசையை விலக்கிக்கொள்ளுங்கள்.