கொடூரமான படங்களைச் செய்தியில் காட்டலாமா?

ரத்தமும் பிணமுமான படங்களை ஊடகங்கள் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மறுக்கும் ஒரு கொலைக்குச் சாட்சியாக இருந்தால் காட்டத்தான் வேண்டும். 2013 பிப்ரவரியில் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன. 2009 போரின் முடிவில் கொல்லப்பட்ட 12 வயதுப் பிள்ளை. ஒரு படத்தில் நெஞ்சில் குண்டுக் காயங்கள். இன்னொன்றில் மணல் மூட்டைகளுக்கு நடுவே, தோளில் துணியைப் போர்த்தியபடி எதையோ தின்றுகொண்டிருக்கிறான். இலங்கை ராணுவம் மறுத்தது. அடுத்த மாதமே தமிழக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். என் தூக்கத்தை இன்றும் கெடுப்பது அந்த இரண்டாவது படம்தான். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஆனால் சாலை விபத்தில் சிதைந்த உடலை, வீட்டாருக்குத் தகவல் போகும் முன்பே டிவியில் ஓட்டுகிறார்களே, அது வேறு. அதனால் எந்த உண்மையும் வெளிவரப் போவதில்லை. தயவுசெய்து அந்த முகத்தை மறையுங்கள்.