அசிங்கமான கார் என்றால் என் ஓட்டு மல்டிப்லாவுக்கு இல்லை

"கார் வரலாற்றிலேயே படு அசிங்கமான டிசைன் எது, ஏன்?" என்பது கேள்வி. இதை யார் எங்கே கேட்டாலும் முதலில் வந்து விழும் பெயர்கள் இரண்டு: ஃபியட் மல்டிப்லா, பான்டியாக் அஸ்டெக். அஸ்டெக் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. மல்டிப்லாவைச் சேர்த்தால் மட்டும் சண்டைக்கு வருவேன். இரண்டையும் தாண்டி எனக்கென்று ஒரு முதல் பரிசு இருக்கிறது. அது நம் ஊர் ரோட்டில்தான் ஓடுகிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மல்டிப்லாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1998இல் வந்த இத்தாலியக் குடும்பக் கார் அது. பானெட் முடிந்து முன்கண்ணாடி தொடங்குகிற இடத்தில் குறுக்கே தடிமனாக ஒரு மடிப்பு ஓடும், அந்த மடிப்பில் இரண்டு சின்ன வட்ட விளக்குகள் முழித்துக்கொண்டிருக்கும். ஹை பீம் அதுதான். கீழே வழக்கமான இடத்தில் இன்னொரு ஜோடி விளக்கு. ஒரு காரின் மேல்பாதியை இன்னொரு காரின் கீழ்பாதியில் தூக்கி வைத்துவிட்டு, சேர்ந்த இடத்தை மறைக்க யாரும் மெனக்கெடாத மாதிரி இருக்கும். பிரிட்டனில் விற்றபோது ஃபியட்டே பின்கண்ணாடியில் "முன்பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள்" என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது. தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, ஏன் அப்படி? உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், ஆறு பேருக்கும் தனித்தனி சீட். நடு ஆளின் கால் இடிக்காமல் இருக்க கியர் தரையில் இல்லை, டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் காரின் நீளம் 3,994 மில்லிமீட்டர்தான். ஒரு சாதாரண ஹாட்ச்பேக் (டிக்கி தனியாகத் துருத்தாமல், பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் சின்னக் கார்) நிற்கிற இடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் அகலம் 1,871 மில்லிமீட்டர், கதவுச் சுவர் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும், கண்ணாடியும் பெரிது பெரிதாக இருக்கும், ஏனென்றால் மூன்று பேரின் தோள் அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது. ராபர்ட்டோ ஜோலிட்டோ என்ற டிசைனர் உள்ளே மனிதர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் வெளியே தகடு சுற்றியிருக்கிறார். 1999இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் கார் கண்காட்சியில் இதை வைத்தது. இதே மனிதர்தான் 2007இல் வந்த புது ஃபியட் 500ஐயும் வரைந்தார், அதை அழகில்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. ஆக, கை வராமல் செய்ததில்லை மல்டிப்லா, தெரிந்தேதான் செய்தார்கள். 2004இல் ஊர் வாய்க்குப் பயந்து அந்த மடிப்பை எடுத்துவிட்டு ஒரு சாதாரண மூஞ்சியை ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த மல்டிப்லா எப்படி இருக்கும் என்று கேட்டால், படம் பார்த்தவர்களுக்கே நினைவு வராது.

சித்ரோயன் அமி 6உம் இதே கட்சிதான். 1961இல் வந்தது, பின்கண்ணாடி உள்பக்கமாகத் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். பார்த்தவுடன் யாரோ கண்ணாடியைத் திருப்பிப் பொருத்திவிட்டார்கள் என்று தோன்றும். கூரையைப் பின்சீட்டுக்காரர் தலைக்கு மேல் கடைசிவரை இழுத்துவிட்டு, அதற்குக் கீழே டிக்கிக்குத் தனி மூடி வைக்க அதுதான் வழி. வரைந்தவர் ஃப்ளாமினியோ பெர்த்தோனி, உலகமே கொண்டாடுகிற சித்ரோயன் டிஎஸ்ஸை வரைந்த அதே கை. இதையும் நான் அசிங்கப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். டெஸ்லா சைபர்டிரக் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் எஃகுத் தகட்டை வளைக்காமல் மடித்தே கார் செய்வேன் என்று ஒரு ஆள் பிடிவாதம் பிடித்தது அதில் தெரிகிறது. தொலையட்டும்.

அஸ்டெக் வேறு கதை. 1999இல் பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு மாதிரி காரைக் காட்டியபோது இளைஞர்களுக்கான முரட்டு வண்டி என்று பலருக்கும் ஆர்வம் இருந்தது. 2000 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் விற்பனைக்கு வரப்போகும் காரைத் திரை விலக்கிக் காட்டினார்கள், கூட்டம் முகம் சுளித்தது. நடுவில் என்ன ஆயிற்று என்றால், செலவு மிச்சம் பிடிக்க அதைத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த மினிவேனின் அடித்தளத்தில் தூக்கி வைத்துவிட்டார்கள். மினிவேன் அடித்தளம் என்றால் அதன் உயரமும் அகலமும் கூடவே வரும். மாதிரியில் பதுங்கி நின்ற உருவம் நிஜக் காரில் எக்கி நின்றது. மூக்கில் இரண்டு மாடியாக ஓட்டைகள், மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. கதவின் கீழ்பாதி முழுக்கச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அடுத்த வருடமே அதைக் காரின் நிறத்துக்கு மாற்றினார்கள்.

இத்தனைக்கும் காருக்குள் நல்ல யோசனைகள் கொட்டிக் கிடந்தன. முன்சீட்டுகளுக்கு நடுவே இருந்த பெட்டியைக் கழற்றினால் ஐஸ் பெட்டி, பின்னால் கதவைத் திறந்து மாட்ட ஒரு கூடாரம், அதற்குள் விரிக்க காற்று மெத்தை. வாங்கியவர்கள் பலர் அதை விரும்பித்தான் ஓட்டினார்கள். டிசைனுக்குப் பொறுப்பாக இருந்த டாம் பீட்டர்ஸ் பிற்பாடு கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார், அதாவது திறமைக்குக் குறைவில்லை. எல்லாம் இருந்தும் 2005இல் கதை முடிந்தது. சில வருடம் கழித்து 'பிரேக்கிங் பேட்' தொடரில், வாழ்க்கையில் தோற்றுப்போன வேதியியல் வாத்தியாருக்கு ஒரு கார் வேண்டும் என்றபோது இதைத்தான் பிடித்தார்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று வசனமே இல்லாமல் புரிந்துவிட்டது.

ஃபோர்டு எட்ஸலையும் சிலர் சொல்வார்கள், 1957இல் வந்து இரண்டே வருடத்தில் மூடப்பட்டது, முன்னால் குதிரைக் கழுத்துப் பட்டை மாதிரி ஒரு கிரில். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. விலைக் குழப்பமும் மந்தநிலையும் சேர்ந்து கவிழ்த்த காருக்கு மூஞ்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது என் முதல் பரிசு. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். வரி மிச்சம் என்றால் எந்தக் கம்பெனிதான் விடும்? ஆனால் நம் ஆட்களுக்கு டிக்கி வைத்த கார் வேண்டும். கல்யாணத்துக்குப் போனாலும் கம்பெனிக்குப் போனாலும் டிக்கி இருந்தால்தான் அது முழுக் கார், இல்லாவிட்டால் ஏதோ குறை. ஆக, செடானும் வேண்டும், நாலு மீட்டரைத் தாண்டவும் கூடாது.

முதலில் டாடா 2008இல் இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் என்று விட்டது, 3,988 மில்லிமீட்டர். அதே வருடம் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 இருந்தது, அதுவே கொஞ்சம் பொருந்தாத டிக்கிதான். 2012இல் அதை 3,995க்குச் சுருக்கினார்கள். அப்போதைய ஸ்விஃப்ட் 3,850, அதாவது ஹாட்ச்பேக்கைவிட 145 மில்லிமீட்டர் அதிகம், ஒரு சாண் கூட இல்லை, அதற்குள் ஒரு டிக்கி. அடுத்த முறை கால் டாக்ஸிக்காக நிற்கும்போது அந்தப் பழைய டிசையரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பாதி வளைவும் இழுப்புமாக நன்றாகவே வரும், பின்கதவு தாண்டியதும் கோடு எல்லாம் சட்டென்று செங்குத்தாக இறங்கி நின்றுவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பம்பர் ஒரு துண்டு, அதற்கு மேல் உயரமான ஒரு பெட்டி, நீளத்தில் விட்டதை உயரத்தில் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் 440 லிட்டர் டிக்கி 316 ஆனது. கேஸ் சிலிண்டர் வைத்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், சென்னை ஏர்போர்ட் வாசலில் ஓட்டுநர் ஒரு பெட்டியை உள்ளே திணித்துவிட்டு, இன்னொன்றைப் பின்சீட்டில் நம் மடிக்குப் பக்கத்தில் வைப்பார். செடான் வாங்கியதே அந்த டிக்கிக்காகத்தான்!

ஃபோக்ஸ்வாகன் அமியோ இதில் உச்சம். போலோ ஹாட்ச்பேக்கில் டிக்கி ஒட்டியதுதான் அது, ஆனால் இந்தியாவில் விற்ற போலோவே 3,971 இருந்தது. மிச்சம் 29 மில்லிமீட்டரில் டிக்கி வைக்க முடியாது, அதனால் முன்பம்பரில் 35 மில்லிமீட்டரைக் குறைத்தார்கள். பின்னால் டிக்கி வைப்பதற்காக மூக்கைச் சீவிய கார் வேறு எங்காவது உண்டா?

மஹிந்திரா வெரிட்டோ வைப் அதையும் மிஞ்சியது. வெரிட்டோ என்பது ரெனோவோடு சேர்ந்து மஹிந்திரா விற்ற பழைய லோகன் செடான்தான், அழகு கிடையாது, ஆனால் சதுரமாக, நேர்மையாக, ஐந்து பேர் தாராளமாக உட்காரும் கார். 2013இல் அதன் டிக்கியில் கால் மீட்டருக்கு மேல் வெட்டி 3,991க்குக் கொண்டுவந்தார்கள். ஹாட்ச்பேக்காகவாவது ஆக்கினார்களா என்றால், அதுவும் இல்லை. பின்கண்ணாடி அப்படியே நிற்கும், கீழே இருக்கிற குட்டி மூடி மட்டும் திறக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பின்னாலிருந்து லாரி இடித்து, டிங்கரிங் கடையில் கைக்கு வந்தபடி அடைத்துக் கொடுத்த வண்டி என்றுதான் நினைப்பீர்கள்.

மல்டிப்லா 3,994. வெரிட்டோ வைப் 3,991. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒன்றில் அந்த நீளத்துக்குள் ஆறு பேர் நிம்மதியாக உட்கார்ந்தார்கள், இன்னொன்றில் வரித் தாளில் எழுதியிருந்த எண்ணுக்காக இருந்த நல்ல டிக்கியும் போனது. முதல் காரைப் பார்த்து உலகம் சிரிக்கிறது. இரண்டாவது நம் ஊர்க் கார் என்பதால் நாம் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

நாலு மீட்டருக்குள் ஒழுங்காகச் செய்யவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2017இல் வந்த டாடா டிகோரில் கூரையைப் பின்னால் இழுத்து டிக்கிக்குள் இறக்கிவிட்டார்கள், ஒட்டு வேலை தெரியவில்லை. அதே வருடப் புது டிசையரும் பரவாயில்லை. ஆனால் விதி அப்படியேதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோதும் அதே நாலு மீட்டர் கோட்டை வைத்துத்தான் சின்னக் காருக்கு 18, மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்று பிரித்தார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்வரை எவனாவது ஒருவன் நல்ல காரின் வாலைப் பார்த்துக்கொண்டு கையில் டேப்புடன் நிற்பான்.

ஒரே பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் வெரிட்டோ வைப். 2012 டிசையர் இரண்டாவது, அஸ்டெக் மூன்றாவது. டிசையர்காரர்கள் மைலேஜ் கணக்கோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், மைலேஜ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும்.